கரடியும் முள்ளம்பன்றியும், என் அண்ணனும் என் வீட்டுக்காரரும்

ஆரஞ்சு சர்பத் ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். முதலில் 'சுர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம் கருகல் வாடை. அப்புறம் ஒன்றுமே கேட்காது.

எங்கள் முன்பள்ளிக்கு ஆண்டு விழா. இடம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபம். ஜன்னல்களில் எல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கியிருந்தோம். சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தோம். வட்டகொடைப் பக்கத்து மழையில் நனைந்து வந்த ஸ்வெட்டர்களின் ஈர வாசனை மண்டபம் முழுக்க. பிள்ளைகள் பாயில், பெற்றோர் பின்னால் பெஞ்சுகளில்.

தலவாக்கலையில் கல்யாண வீடியோ எடுக்கிறவரைக் கெஞ்சி வாங்கி வந்த புரொஜெக்டரை அப்போதுதான் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு குட்டிப் பெண், "இதுக்கும் தாகமா இருக்கும்" என்று சொல்லி, தன் கோப்பையை ஆம்ப்ளிஃபயரின் மேல் கவிழ்த்துவிட்டாள்.

படம் மட்டும் ஓடியது. வால் நீண்ட கறுப்புக் கோட்டில் ஒரு கரடி மேடைக்கு வந்து, வணங்கி, குச்சியைத் தூக்கியது. அதன் முன்னால் பெரிய வாத்தியக் குழு. எல்லோரும் வாசித்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை.

"டீச்சர், கரடி ஊமையா?" என்று ஒரு பையன் கேட்டான்.

முதல் வரிசையில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. ஒன்று அழுதால் மற்றதும் அழும். இது எல்லா முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் தெரிந்த விஷயம்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் முன்பள்ளிக்குக் கூரை வந்த கதையை எழுதியிருந்தேன். அந்தக் கூரையின் கீழ் நடந்ததல்ல இது. ஆனால் என் வீட்டுக் கூரையோடு சம்பந்தப்பட்டது. இதை எழுத என் அண்ணனிடமும் என் வீட்டுக்காரரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். இரண்டு பேருமே, "அந்த ஆளு பண்ணின கூத்தையெல்லாம் விடாம எழுது" என்றுதான் சொன்னார்கள்.

கண்டக்டர் என்றால் யார்?

அந்தக் கரடியை நான் முதலில் பார்த்தது சின்ன வயதில். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்திலேயே டிவி இருந்தது தபால்கார மாமா வீட்டில் மட்டும்தான். கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. படம் கலங்கினால் யாராவது வெளியே போய் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். என் அண்ணன் ராஜுதான் போவான். அவன் திருப்பிவிட்டு ஓடி வருவதற்குள் படம் மறுபடி கலங்கிவிடும். பாதிப் படத்தை அவன் ஜன்னல் வழியாகவே பார்த்தான்.

அப்போது பார்த்த ஒரு கார்ட்டூன்தான் இது. என்ன பெயர், எந்த நாட்டுப் படம் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. 'கரடிக் கச்சேரி' என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

கதை ரொம்பச் சின்னது. பெரிய வாத்தியக் குழுவை ஒரு கரடி நடத்துகிறது. கடைசி வரிசையில் ஒரு முள்ளம்பன்றி, கையில் இரண்டு பித்தளைத் தட்டுகளோடு நிற்கிறது. அந்த நீளப் பாட்டு முழுவதிலும் அதற்கு ஒரே ஒரு அடிதான். அதுவும் கடைசியில். முள்ளம்பன்றியால் காத்திருக்க முடியவில்லை. நடுவிலேயே 'டமார்' என்று அடித்துவிடுகிறது. கரடியின் தலையில் இருந்த டோப்பா பறந்து போய்ப் புல்லாங்குழல்காரர் வாயில் சிக்குகிறது.

அதோடு சண்டை ஆரம்பம். கரடி அதன் கையைக் கட்டினால் அது காலால் அடிக்கிறது. பெரிய வயலின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால், எப்படியோ டிரம்பட் வாய் வழியாக வெளியே வருகிறது. கரடி குச்சியை எறிகிறது. அது திரும்பி வந்து கரடியின் மூக்கிலேயே படுகிறது. கடைசியில் மேடையே இடிந்து எல்லோரும் விழுகிறார்கள். விழுகிற வேகத்தில் அந்தக் கடைசி அடி மட்டும் சரியான நேரத்தில் விழுந்துவிடுகிறது.

அந்தக் கரடியைக் கண்டக்டர் என்று சொல்வார்கள் என்று தபால்கார மாமா விளக்கினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் அறிந்த கண்டக்டர்கள் இரண்டு வகைதான். ஒருவர் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். இன்னொருவர் மலையில் குச்சியோடு நின்று வேலை வாங்கும் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையா. கரடியின் கையிலும் குச்சி இருந்ததால், இது கண்டாக்கையாவின் வகைதான் என்று முடிவு செய்தோம். முள்ளம்பன்றி அவரை எதிர்த்தபோதெல்லாம் கைதட்டினோம்.

அண்ணன் மட்டும் கரடி கட்சி. "பாட்டுன்னா ஒழுங்கு வேணும்ல?" என்பான். அவனோடு ஒட்டி உட்கார்ந்திருந்த கீழ் லயத்துச் சந்திரன் முள்ளம்பன்றி கட்சி. "அதுக்கும் ஆசை இருக்காதா?" என்பான்.

அண்ணன் வளர்ந்து தேயிலை பெக்டரியில் வேலைக்குப் போனான், டிரம்பட் கற்றான். சந்திரன் ஆட்டோ ஓட்டினான், டிரம் கற்றான். இரண்டு பேரும் சேர்ந்து கல்யாணங்களுக்கு ஒரு பேண்ட் செட் தொடங்கினார்கள். அப்படியே வீட்டுக்கு வரப்போகச் சந்திரன் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்கப்புறம் அவரை 'அவன்' என்று எழுத என் கை வரவில்லை. கல்யாணம் ஆனதும் அண்ணனும் அவரை 'டா' போடுவதை விட்டுவிட்டு, "வாங்க மாப்ள" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தான்.

அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

வட்டவளையில் பிரிந்த ஊர்வலம்

சண்டை நடந்தது வட்டவளையில், ஒரு கல்யாண ஊர்வலத்தில். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கோயிலுக்குப் போக வேண்டும். பாதையில் ஒரு முச்சந்தி. அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் டிரம்மில் ஒரு நீண்ட உருட்டல் போட்டார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. நடுப்பாட்டில் எதற்கு இது என்று திரும்பி முறைத்தான். முறைத்துக்கொண்டே ஊதினான். ஊதிக்கொண்டே மேல் பாதையில் ஏறினான். இவருக்கும் கோபம் வந்துவிட்டது. கோயிலுக்குக் கிட்டப் பாதை என்று கீழ்ப் பாதையில் இறங்கினார்.

ஊர்வலத்தில் பாதிப் பேர் டிரம்பட்டின் பின்னால் போனார்கள். மீதிப் பேர் டிரம்மின் பின்னால் போனார்கள். மாப்பிள்ளை மேலே போனார். தாலித் தட்டை வைத்திருந்த அவருடைய அக்கா கீழே போனார். நல்ல நேரம் முடிவதற்குள் இரண்டு கூட்டத்தையும் ஒன்று சேர்க்க, குருக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார். தாலி ஏறிவிட்டது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த வாரமே பேண்ட் செட் இரண்டாகிவிட்டது. அண்ணனிடம் டிரம் இல்லை. இவரிடம் டிரம்பட் இல்லை. இரண்டு பேருமே பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேனர். ஒன்றில் 'பழைய' என்று சேர்த்திருந்தது. மற்றதில் 'உண்மையான' என்று.

நடுவில் ஒரு சுவர்

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறை, நாங்கள் சொல்வது காம்பரா. நடுவில் ஒற்றைச் சுவர். அண்ணன் அந்தப் பக்கம் டிரம்பட்டை எடுத்தால், இவர் இந்தப் பக்கம் டிரம்மை எடுப்பார். அவன் மெதுவான பாட்டு ஊதினால் இவர் வேகமாக அடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நடந்து வந்து கீழே விழுந்தன.

மல்லிகா அண்ணியும் நானும் பின்வாசல் வழியாகக் கறி மாற்றிக்கொள்வோம். அவர் பையன் கவினும் என் மகள் தாரணியும் என் முன்பள்ளியில் ஒரே பாயில் உட்காருவார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் குழாயடியில் எதிரெதிரே வந்தால்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சிரித்துக்கொண்டு சமாளித்தேன். ஆண்டு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அண்ணி பின்வாசலில் வந்து நின்று அழுதார்.

"அவரு கொழும்புக்குப் போறாங்களாம் செல்வி. ஒரு ஹார்ட்வேர் கடையில வேலை சொல்லியிருக்காங்க. கவினையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் போறோமாம். டிரம்பட்ட வித்துரப் போறேன்னு சொல்றாங்க."

"பெக்டரி வேலைய விட்டுட்டா? ஏன் அண்ணி?"

"ஏன்னு கேட்டா, இங்க நமக்கு யாரு இருக்காங்கன்னு கேக்குறாங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். எனக்கு இருக்கும் ஒரே அண்ணன்.

விழாவுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டேன். விருந்தாளியை வாசலில் டிரம்பட் ஊதி வரவேற்க அண்ணன். விழா முடிந்ததும் டிரம் அடித்து வழியனுப்ப என் வீட்டுக்காரர். ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் இருக்க மாட்டார் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. ஆனாலும் வந்தார்கள்.

பிள்ளைகளுக்குப் படம் போடலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கரடி கிடைத்தது. அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதே கோட்டு, அதே டோப்பா. பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஊமைக் கரடி

இப்போது மறுபடி மண்டபத்துக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபயர் புகைந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளையோடு இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்து அழுதன. விருந்தாளியாக வந்திருந்த பெரிய டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

இடது ஓரத்தில் அண்ணன், மடியில் டிரம்பட். வலது ஓரத்தில் என் வீட்டுக்காரர், பக்கத்தில் பெரிய டிரம். இரண்டு பேரும் இமைக்காமல் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, எதையாவது ஊதுங்கண்ணே. பிள்ளைங்க அழுவுதுங்க."

"எதைன்னு ஊதுறது? எனக்கு அந்தப் பாட்டு முழுசாத் தெரியாதே. பாதி நேரம் நான் ஆன்டெனாகிட்டல்ல நின்னேன்?"

"கரடி குச்சியப் பாத்து ஊதுங்க. அது போதும்."

அண்ணன் எழுந்தான். கரடி குச்சியை மெல்லத் தாழ்த்தியது. அண்ணன் மெல்ல ஊதினான். கரடி குச்சியை உயர்த்தியது. டிரம்பட்டும் ஏறியது. அழுதுகொண்டிருந்த பிள்ளை வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டது. கரடிக்குக் குரல் வந்துவிட்டது.

அப்போது வேட்டியில் முள்ளம்பன்றி தட்டுகளைத் தூக்கி அடித்தது. சத்தமில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

வலது ஓரத்திலிருந்து 'டமார்!'

அடித்தது என் வீட்டுக்காரர்தான். பிள்ளைகளின் அந்த முகங்களைப் பார்த்துவிட்டுத் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னார். ஆனால் அடி கொஞ்சம் பிந்திவிட்டது. அண்ணன் ஊதிக்கொண்டே திரும்பி முறைத்தான். வேட்டியில் கரடியும் அதே நேரம் திரும்பி முள்ளம்பன்றியை முறைத்தது.

மண்டபமே கொல்லென்று சிரித்தது.

அடிடா!

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்வது கஷ்டம். அண்ணன் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று இழுத்தான், இவர் அடிக்க இடம் கொடுக்காமல். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. மூச்சு முட்டி விட்ட அந்த நொடியில் இவர் மூன்று அடி போட்டார். அண்ணன் டிரம்பட்டின் வாயை நேராக இவர் காதுப் பக்கம் திருப்பி ஊதினான். இவர் குச்சியை ஓங்கினார். அது கை நழுவிப் பறந்து, பெரிய டீச்சரம்மாவின் பிளேன்டீக் கோப்பைக்குள் குத்திட்டு நின்றது. அந்த அம்மா அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, "இந்தாங்க தம்பி, அடிங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

திரை சரியாகத் தெரியவில்லை என்று இவர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் ஒரு முனையில் ஏறினார். மறுமுனையில் உட்கார்ந்திருந்த தோட்டத்து மளிகைக் கடைக்காரர், பேரனைத் தூக்கிக் காட்டுவதற்காக அந்த நேரம் எழுந்தார். பெஞ்சு தூக்கி அடித்தது. இவர் ஒரு பக்கம் உருண்டார், டிரம் மறுபக்கம் உருண்டது. பாயில் இருந்த பிள்ளைகளை நோக்கி அது உருண்டு வந்ததைப் பார்த்து நான் அலறினேன்.

டிரம்பட்டை வாயிலிருந்து எடுக்காமலே அண்ணன் பாய்ந்தான். ஒரு கையால் டிரம்மை மறித்து, தூக்கித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். மறு கையில் டிரம்பட். பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் இதுவும் படத்தில் வருவது என்று நினைத்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

வேட்டியில் மேடை இடிய ஆரம்பித்தது. கடைசி அடி வரப் போகிறது. என் வீட்டுக்காரர் தவழ்ந்து எழுந்து வந்து அண்ணனின் முன்னால் நின்றார். கையில் குச்சி. அடிக்க வேண்டிய டிரம், இரண்டு வருஷமாகப் பேசாத மச்சானின் வயிற்றில். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அண்ணன் ஒரு நொடி டிரம்பட்டை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அடிடா!"

'மாப்ள' இல்லை, 'வாங்க' இல்லை. பழைய 'டா'. இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அண்ணனின் வயிறு குலுங்கியது. வயிறு குலுங்கக் குலுங்க டிரம்பட்டிலிருந்து வந்த சுரம் எகிறி எகிறி விழுந்தது. பூப்... பூப்... பூப்! கரடி விழுந்தது. முள்ளம்பன்றி விழுந்தது. அந்தக் கடைசி அடியும் கடைசி ஊதலும் படத்தோடு ஒன்றாக, ஒரு மயிரிழை பிசகாமல் வந்து விழுந்தன.

பிள்ளைகள் பாயில் புரண்டார்கள். மல்லிகா அண்ணி சிரித்துச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"லேட்டாத்தான் அடிச்ச," என்றான் அண்ணன்.

"நீங்க முந்தி ஊதிட்டு என்னையச் சொல்லாதீங்க மச்சான்," என்றார் இவர்.

"கரடி குச்சிய எறக்கின பொறகுதானடா ஊதுனேன்?"

"எறக்குறதுக்கு முன்னாடி."

நாற்காலிகளை அடுக்கும் வரைக்கும் அதே வாக்குவாதம்தான். நான் குறுக்கே போகவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதும் அதே பேச்சு. லயத்து வாசலில் நின்று இன்னும் கொஞ்ச நேரம். கடைசியில் அண்ணி ரொட்டியும் மாசிச் சம்பலும் கொண்டு வந்து வைத்தார். இரண்டு பேரும் ஒரே தட்டில் பிய்த்துத் தின்றுகொண்டே தொடர்ந்தார்கள்.

கொழும்புப் பேச்சை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அண்ணனே சொன்னான். "கொழும்புக் கடைக்காரருக்கு வர முடியாதுன்னு சொல்லிட்டேன் செல்வி. நான் போயிட்டா இவனுக்கு யாரு நேரம் சொல்லிக் குடுக்குறது?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டிரம்பட்டைத் துடைத்தான். நானும் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அக்கரப்பத்தனைக்கு ஒரு பயணம்

செய்தி பரவிவிட்டது. அக்கரப்பத்தனையில் ஒரு முன்பள்ளி டீச்சர் போன் பண்ணினார். அதே படம், அதே ஆட்கள், அதே மாதிரி விழ வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தார்கள். எந்த இடத்தில் முறைப்பது, எந்த இடத்தில் குச்சி பறப்பது, பெஞ்சில் எந்த முனையில் ஏறுவது, எல்லாம் பேசி முடிவு செய்தார்கள். வலிக்காமல் விழ ஒரு பழைய மெத்தைகூடக் கொண்டுபோனார்கள்.

அக்கரப்பத்தனைப் பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அண்ணன் சொல்லி வைத்தபடி முறைத்தான். இவர் சொல்லி வைத்தபடி விழுந்தார். ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து, "மாமா, வலிக்குதா?" என்று இவர் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். பாதியில் இவர் ஒரு அடியைத் தவறவிட்டார். அது ஒத்திகையில் இல்லாதது. அண்ணன் ஊதுவதை நிறுத்திவிட்டு, "அறிவிருக்கா ஒனக்கு?" என்று நிஜமாகவே கத்தினான். இவரும் நிஜமாகவே திருப்பிக் கத்தினார். அப்போதுதான் மண்டபம் கலகலத்தது. படம் முடிந்து வேட்டியைக் கழற்றிய பிறகும் சண்டை நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது தலவாக்கலை பஸ். இவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில். நடுவில் டிரம். அண்ணியும் நானும் பிள்ளைகளோடு பின்னால். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் பனி.

"தப்பு ஒன் மேலதான்."

"எங்க, எப்ப தப்புன்னு சொல்லுங்க பாப்போம்."

"சொல்றேன் கேளு." அண்ணன் டிரம்பட்டை எடுத்து அந்த இடத்தை ஊதிக் காட்டினான். இவர் டிரம்மில் பதில் சொன்னார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் துள்ளி எழுந்தார்கள்.

லிந்துலைக்கு இந்தப் பக்கம், ஒரு வளைவில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்த்து, "தென்னம பஹின்ன!" என்றார். சிங்களத்தில், இரண்டு பேரும் இறங்குங்கள் என்று அர்த்தம்.

மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தேன். அந்தப் பேச்சே அவர்களுக்குக் காதில் விழவில்லை. ஆளுக்கொரு பக்கம் டிரம்மைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே இறங்கினார்கள். மழையில் நின்றுகொண்டு அண்ணன் விரலை மடக்கி மடக்கித் தாளம் எண்ணிக் காட்டினான். இவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நாமளும் எறங்கணுமா செல்வி?" என்று அண்ணி கேட்டார்.

நான் பனி படிந்த கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தேன். தேயிலை நடுவே ஒரே குடையின் கீழ் அவர்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். வாய் மூடவே இல்லை.

"வேணாம் அண்ணி," என்றேன். "பேசி முடிச்சிட்டு வரட்டும்."

அண்ணி டிரைவரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். முன் சீட்டு காலியாகிவிட்டதால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் வசதியாக உட்கார்ந்துகொண்டோம்.